கன்னடத்தை அளப்பது போல இங்கிலீஷை அளந்து பார்ப்போம்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ரோஜா போட்டிருக்கும் ஒரு விவசாயியிடம் "அண்ணா, உங்களுக்குக் கன்னடம் எவ்வளவு தெரியும்?" என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். "பேசுவேங்க, யாவாரத்துக்குப் போதும். ரொம்ப வேகமாப் பேசினா பாதி போயிடும். பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், எழுத வராது." தெலுங்கைக் கேட்டால் அதற்கு வேறு கணக்கு வைத்திருப்பார். "வீட்டுல அதுதான் பேச்சு. எழுத்து மட்டும் ஒண்ணுகூடத் தெரியாது." அதே வாயால் "இங்கிலீஷ்?" என்று கேளுங்கள். "அதெல்லாம் நமக்கு வராதுங்க" என்று முடித்துவிடுவார்.

இத்தனைக்கும் பூச்சிமருந்து டப்பாவில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி என்று ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் அவர் மருந்து கலக்கிறார். பெங்களூர் வியாபாரி வாட்ஸப்பில் ஆங்கிலத்தில் அனுப்பும் ஆர்டரைப் படித்து அத்தனை கட்டுப் பூவைச் சரியாக ஏற்றி அனுப்புகிறார். கன்னடத்தில் இதைச் செய்திருந்தால் "கொஞ்சம் படிப்பேன்" என்று சொல்லியிருப்பார். ஆங்கிலத்தில் செய்ததால் கணக்கிலேயே வரவில்லை.

எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் இரண்டிலும் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நாலு மொழி புழங்கும் மண் இது. பிற மொழிகளில் தனக்கு எது முடியும், எது முடியாது என்று பிரித்துச் சொல்ல இங்கே யாரும் யாருக்கும் கற்றுத் தரவில்லை. புழக்கத்தில் தானாக வந்தது. ஆங்கிலம் என்றதும் அந்தத் திறமை எங்கோ போய்விடுகிறது. தெரியும், தெரியாது என்று இரண்டே பதில்தான் மிஞ்சுகிறது.

தருமபுரியில் சனி, ஞாயிறுகளில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகளும் ஓசூர் கம்பெனிகளுக்குப் போய்வருகிற இளைஞர்களும் வருகிறார்கள். முதல் நாள் ஒரு தாள் கொடுத்து, உங்கள் ஆங்கிலம் எந்த அளவில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். "ஆவரேஜ்" என்று எழுதுவார்கள், "சுமார்" என்று எழுதுவார்கள். அரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவி "ஐ ஆம் ஜீரோ இன் இங்கிலீஷ்" என்று எழுதியிருந்தாள். எழுவாய், வினை எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் முழு வாக்கியம். பூஜ்யத்தில் இருப்பவரால் அதை எழுத முடியாது. இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை.

அவள் நம்பாததற்குக் காரணம், நாம் கையில் வைத்திருக்கும் அளவுகோல்கள். முதலாவது மார்க். பிளஸ் டூவில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண். மனப்பாடப் பாட்டு, பத்தி, இலக்கணம் என்று எழுதித்தான் அந்த மார்க்கில் பெரும்பகுதியைச் சேர்க்கிறோம். 85 வாங்கியவருக்குத் தொலைபேசியில் ஒரு நிமிடம் பேச வரும் என்று அந்த எண் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. எழுத்துத் தேர்வு பேச்சைத் தொடுவதே கிடையாது. இரண்டாவது அளவுகோல் பக்கத்து வீட்டுப் பையன். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த அத்தை மகனோடு ஒப்பிட்டால் எல்லோரும் ஜீரோதான். மூன்றாவதுதான் மோசமானது: ஏதோ ஒரு நாள் பட்ட அவமானம். ஓர் இன்டர்வியூவில் வாய் அடைத்து நின்ற அந்த மூன்று நிமிடம், பத்து வருடப் படிப்புக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

சரி, உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படி அளந்தார்கள்? அமெரிக்க அரசுக்கே 1950களில் இந்தச் சிக்கல் வந்தது. எந்த ஊழியருக்கு எந்த மொழி எவ்வளவு தெரியும் என்று கணக்கெடுக்கப் பார்த்தார்கள். அதுவரை கையில் இருந்தது "பிரெஞ்சு சரளமாக வரும்", "ஸ்பானிஷில் நல்ல மார்க்" என்ற மாதிரியான வார்த்தைகள்தான். ஒருவர் சொல்லும் "சரளம்" இன்னொருவர் சொல்லும் "சரளம்" ஆகாது. தூதரகத்துக்கு ஆள் அனுப்ப அதை நம்ப முடியாது. அதனால் வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை ஓர் அளவுகோலை உருவாக்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் அந்த நிலையில் இருப்பவர் என்னென்ன செய்வார் என்று விளக்கமும் எழுதி வைத்தது. சொந்த மதிப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை என்பதுதான் அளவுகோல் பிறந்த கதை.

இன்று உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோல் ஐரோப்பாவில் உருவானது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஆறு படிகளை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். நம் அரசின் நான் முதல்வன் திட்டத்தில் கேம்பிரிட்ஜின் லிங்குவாஸ்கில் தேர்வை எழுதிய கல்லூரி மாணவர்களுக்கு இந்த எழுத்துகளோடுதான் முடிவு வருகிறது. ஆனால் அந்தத் தாளைக் கொண்டுவந்து "சார், ஏ2ன்னா பாஸா ஃபெயிலா?" என்று கேட்கிறார்கள். அதைத் தெளிவாகச் சொல்ல ஆளில்லை என்ற வருத்தத்தில்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

ஐரோப்பிய கவுன்சில் என்ற அமைப்பு 1991இல் சுவிட்சர்லாந்தின் ரூஷ்லிகான் நகரில் ஒரு கூட்டம் நடத்தியது. ஒரு நாட்டில் கொடுக்கும் மொழிச் சான்றிதழ் இன்னொரு நாட்டுக்குப் புரிவதில்லை, அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சட்டகம் வேண்டும் என்று அங்கே பேசினார்கள். பிறகு 1993 முதல் 1996 வரை பிரையன் நார்த், குந்தர் ஷ்னைடர் என்ற இருவர் சுவிட்சர்லாந்து ஆசிரியர்களை வைத்து ஒரு பெரிய வேலை செய்தார்கள். "தன்னால் இதைச் செய்ய முடியும்" என்ற வடிவில் நூற்றுக்கணக்கான சிறு வாக்கியங்களைச் சேர்த்தார்கள். எது எளிது, எது கடினம் என்று ஆசிரியர்களைப் பிரிக்கச் சொன்னார்கள். தங்கள் மாணவர்களில் யாரால் எது முடிகிறது என்றும் மதிப்பிடச் சொன்னார்கள். அந்த மதிப்பீடுகளைப் புள்ளியியல் முறையில் சேர்த்துப் பார்த்து ஒவ்வொரு வாக்கியமும் எந்தப் படியில் நிற்கிறது என்று முடிவு செய்தார்கள். சட்டகம் 2001இல் வெளியானது. மாணவர் தன்னைத் தானே அளந்துகொள்ள ஓர் அட்டவணைக் கட்டமும் அதிலேயே இருக்கிறது.

அந்தக் கட்டத்தைப் படித்துப் பார்த்தால் ஒன்று புரியும். எத்தனை தப்பு செய்கிறாய் என்று அது தொடங்குவதில்லை, எதைச் செய்து முடிப்பாய் என்று தொடங்குகிறது. நம் ரோஜா விவசாயி கன்னடத்தைப் பற்றிச் சொன்ன அதே முறைதான். யாவாரத்துக்குப் போதும், போர்டு படிப்பேன், எழுத வராது.

படிகளை நம் ஊர்க் காரியங்களில் வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். ஏ1 என்றால் பெயர், ஊர், படிப்பு, வீட்டில் யார் யார் என்று சொல்ல முடியும், ஒரு படிவத்தில் பெயர், முகவரி நிரப்ப முடியும். எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசவும், திருப்பிச் சொல்லவும் தயாராக இருக்க வேண்டும். ஏ2 என்றால் பழகிய சின்னக் காரியங்களை முடித்துவிடலாம். பெங்களூரில் அறை வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் வருமா என்று கேட்டு, பதிலைப் புரிந்துகொண்டு வந்துவிடலாம். ஆனால் வீட்டுக்காரர் பேச்சை வளர்த்தினால் நம் பக்கத்திலிருந்து அதை நகர்த்த முடியாது. ஐரோப்பியக் கட்டத்தில் ஏ2 என்ற தலைப்பில் ஏறக்குறைய இதே விஷயம் எழுதியிருக்கிறது: சிறு உரையாடல் முடியும், ஆனால் அதைத் தானே தொடர்ந்து கொண்டுபோகும் அளவுக்குப் புரியாது.

பி1தான் என் கணக்கில் நம் பிள்ளைகளுக்கு முக்கியமான வாசல். ஏ2 வரை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். பி1இல் ஒரு கதையைச் சொல்கிறீர்கள். ஓசூரில் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்டில் மெஷின் நின்றுபோனது என்று வைத்துக்கொள்வோம். எப்போது நின்றது, அதற்கு முன் என்ன சத்தம் வந்தது, ஏன் என்று நினைக்கிறீர்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைக் காலையில் வருகிற வடநாட்டு இன்ஜினியரிடம் கோவையாகச் சொல்ல முடிந்தால் அது பி1. இலக்கணம் அங்கங்கே இடறலாம். விஷயம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கணக்கு. எதிர்பாராமல் யாரோ வந்து பழக்கமான விஷயத்தைப் பேசினால், தயாரிப்பு இல்லாமல் கலந்துகொள்ள முடிவதும் இந்தப் படிதான்.

பி2இல் இரண்டு பக்கத்துக்கும் சிரமம் இல்லாமல் பேச்சு ஓடும். அதே மெஷினைப் பற்றிக் கூட்டத்தில் "புதுசு வாங்க வேண்டாம், பழையதையே சரி செய்யலாம், காரணம் இதுதான்" என்று வாதாடி, எதிர்வாதத்துக்கும் பதில் சொல்வது பி2. செய்தித்தாள் கட்டுரையைப் படித்து எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று சொல்வதும் அதுவே. பிரிட்டனில் பட்டப்படிப்புக்கு மாணவர் விசா வேண்டுமென்றால் கேட்பது இந்தப் படியைத்தான். சி1, சி2 இரண்டும் உயர்கல்வி, சட்டம், எழுத்து என்று போகிறவர்களுக்கு. நம்மில் பெரும்பாலோருக்கு இப்போதைக்கு அதைப் பற்றிய கவலை வேண்டாம்.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கேம்பிரிட்ஜ் தரும் தோராயக் கணக்குப்படி, ஒன்றுமில்லாத நிலையிலிருந்து ஏ2வுக்கு 180 முதல் 200 மணி நேரம் வழிகாட்டலோடு படிக்க வேண்டும். பி1க்கு மொத்தம் 350 முதல் 400, பி2வுக்கு 500 முதல் 600. பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் இதைவிட அதிகமான நேரம் ஆங்கில வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோம். அந்த நேரத்தில் பெரும்பகுதி தமிழில் அர்த்தம் கேட்டு ஆங்கிலத்தில் கேள்வி பதில் எழுதிப்போனது. நம் மூளையில் குறை எதுவும் இல்லை. கேட்கவும் பேசவும் செலவான மணிகளைத் தனியாகக் கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும். அப்புறம், "முப்பது நாளில் சரளமாகப் பேசலாம்" என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தையும் இதே கணக்கை வைத்து எடைபோட்டுக்கொள்ளலாம்.

இனி இந்தச் சட்டகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அந்தச் சுயமதிப்பீட்டுக் கட்டத்தில் வரிசை ஒன்று இல்லை, ஐந்து. கேட்பது, படிப்பது, பிறரோடு உரையாடுவது, தனியாக ஒரு விஷயத்தைச் சொல்வது, எழுதுவது. ஒருவர் ஐந்திலும் ஒரே படியில் நிற்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. நிற்கவும் மாட்டார்கள். பாலக்கோட்டில் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த பையனுக்குப் படிப்பது பி1இல் இருக்கும், உரையாடல் ஏ1இல் இருக்கும். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் எழுத்தராக இருக்கும் ஒருவர் என் வகுப்புக்கு வந்தார். வெளிநாட்டுக்குப் போகும் கடிதங்களை அவர்தான் எழுதுகிறார், நன்றாகவே எழுதுகிறார். போன் மணி அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவாராம். "எனக்கு இங்கிலீஷ் வராது சார்" என்றுதான் அவரும் ஆரம்பித்தார். பெங்களூரில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு வந்த இன்னொரு பையன் நேர் எதிர். பேச்சில் அருவி மாதிரி கொட்டுவான், ஒரு பத்தி எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவான். இவர்கள் மூவரையும் "ஆவரேஜ்" என்ற ஒரே சொல்லில் போட்டால் மூவருக்கும் ஒரே பாடம் நடத்துவேன். மூவருக்கும் பாதி நேரம் வீண்.

2018இல் இந்தச் சட்டகத்துக்கு ஒரு துணைத் தொகுதி வந்தது. அதில் இரண்டு விஷயங்கள் நம்மை நேராகத் தொடுகின்றன. ஒன்று, ஆங்கிலேயரைப் போலப் பேச வேண்டும் என்று அர்த்தம் தரும் வரிகளை எடுத்துவிட்டார்கள். உச்சரிப்பில் பார்க்க வேண்டியது கேட்பவருக்குப் புரிகிறதா என்பதுதான் என்று மாற்றி எழுதினார்கள். நம் நாக்கில் தமிழ் வாடை அடிக்கிறது என்பதற்காக யாரும் ஒரு படி இறங்கத் தேவையில்லை. இரண்டாவது, ஒரு மொழியில் இருப்பதை இன்னொருவருக்காக எடுத்துச் சொல்லும் திறனுக்கும் படிகள் எழுதினார்கள். வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் வந்த குறுஞ்செய்தியைப் படித்து "பாட்டி, உன் கணக்குல நூறுநாள் வேலைக் காசு ஏறியிருக்கு" என்று சொல்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளை இந்த வேலையைத்தான் செய்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்கும் வீடுகளில் இந்தப் பிள்ளைகள்தான் மொத்தக் குடும்பத்துக்கும் மொழிபெயர்ப்பாளர்கள். இதை ஒரு திறமையாக யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

சரி, நாமே நம்மை அளந்தால் அது நம்பத் தக்கதாக இருக்குமா? நியாயமான கேள்வி. 1999இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் க்ரூகர், டேவிட் டன்னிங் இருவரும் மாணவர்களுக்குச் சில சோதனைகள் வைத்தார்கள். ஒன்று ஆங்கில இலக்கணச் சோதனை. கடைசிக் கால்பங்கில் வந்தவர்கள் தங்களைச் சராசரிக்கும் மேலே வைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்தவர்களோ தங்கள் இடத்தைக் கொஞ்சம் குறைத்தே சொன்னார்கள். இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி புள்ளியியலின் விளைவு என்று பிறகு வந்தவர்கள் வாதிட்டார்கள். அது இருக்கட்டும். என் வகுப்பில் நான் பார்ப்பது, அதிகமாக மதிப்பிடுகிறவர்களைவிடக் குறைத்து மதிப்பிடுகிறவர்களே கூடுதல் என்பது. அதிலும் பெண்கள். வெட்கம் அவர்களை ஒரு படி கீழே இழுத்து வைக்கிறது.

இன்னொரு பக்கம், கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். மாணவர்களை எந்த மொழி வகுப்பில் உட்கார வைப்பது என்று முடிவு செய்ய, தேர்வுக்குப் பதிலாகச் சுயமதிப்பீட்டுக் கேள்விகளையே கொடுத்துப் பார்த்தார்கள். லெப்லாங், பான்ஷோ என்ற இருவர் 1985இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. முறை வேலை செய்தது. காரணங்களில் ஒன்று கேள்விகளின் தன்மை. "உன் பிரெஞ்சு எப்படி?" என்று மொத்தமாகக் கேட்டால் மனநிலைதான் பதிலாக வரும். மாணவர் அன்றாடம் செய்கிற குறிப்பிட்ட காரியத்தைச் சொல்லி "இது முடியுமா?" என்று கேட்டால் அனுபவம் பதில் சொல்லும். இன்னொன்று, பொய் சொல்லி அங்கே லாபமில்லை. தகுதிக்கு மேற்பட்ட வகுப்பில் போய் உட்கார்ந்தால் கஷ்டப்படப் போவது நாம்தான். வேலைக்கான பயோடேட்டாவில் "ஃப்ளூயன்ட்" என்று எழுதும் போது அந்தப் பயம் இருப்பதில்லை. அதனால்தான் யாருக்கும் காட்டப்போகாத ஒரு தாளில் முதலில் அளந்துகொள்ளச் சொல்கிறேன்.

தாளோடு கொஞ்சம் சான்றும் வேண்டும். வெறும் நினைப்பை நம்பினால் ஒரு பழக்கமான ஏமாற்றம் வரும். ஒரு சொல்லைப் பார்த்தால் தெரிகிறது, பேசும்போது அது வருவதில்லை. எங்கள் தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அங்கே மயிற்பீலி சூட்டி நெய் பூசி அழகாக அடுக்கியிருந்த படைக்கருவிகளைப் பார்த்தாள். அதியமானுடைய ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்னாள். நம் இலக்கண நோட்டில் இருக்கும் ஆங்கிலம் பல நேரம் அந்த நெய் பூசிய வேல்தான். அளக்கும்போது, பயன்படுத்தி நுனி முறிந்த வேல்களையே கணக்கில் எடுக்க வேண்டும். கடந்த ஒரு மாதத்தில் உண்மையாகப் பயன்படுத்திய ஆங்கிலம் எது?

சொற்களில் இருந்து தொடங்கலாம். டயலாங் என்ற ஐரோப்பியத் திட்டம் இணையத்தில் 14 மொழிகளுக்கு இலவசச் சோதனை வைத்தது. முதலில் 75 சொற்களைக் காட்டி, இதெல்லாம் உண்மையான சொல்லா என்று கேட்கும். நடுவில் இல்லாத சொற்களைக் கலந்திருப்பார்கள். 2012இல் வந்த லெக்ஸ்டேல் சோதனையும் அதே வகை. அறுபதில் நாற்பது உண்மை, இருபது பொய். "மென்சிபிள்" என்று ஒன்று வரும். கேட்டால் எங்கோ படித்த மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. தெரிந்ததாகத் தோன்றுவதற்கும் தெரிவதற்கும் உள்ள இடைவெளி ஐந்து நிமிடத்தில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

படிப்பதை அளக்க இன்னும் எளிய வழி உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் சொல்வளத்தை வாழ்நாள் வேலையாக ஆராய்ந்தவர். ஒரு பக்கத்தை அகராதி இல்லாமல் வசதியாகப் புரிந்துகொள்ள அதில் சுமார் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் கண்ட கணக்கு. நாவலையும் செய்தித்தாளையும் அந்த அளவில் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவைப்படும். நமக்கு இங்கே வேண்டியது அந்த 98 சதவீதக் கணக்கு மட்டும். ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு செய்தியை எடுத்து நூறு சொல் எண்ணி, தெரியாததன் கீழ் கோடு போடுங்கள். ஒன்று, இரண்டு என்றால் அந்த வகை எழுத்து உங்கள் கைக்குள் இருக்கிறது. ஐந்தைத் தாண்டினால் அது இன்னும் பாடம்தான், வாசிப்பு ஆகவில்லை. விளையாட்டுச் செய்தியில் கோடு குறைவாகவும் தலையங்கத்தில் அதிகமாகவும் விழும். அந்த வித்தியாசத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்பதைச் சோதிக்க, சப்டைட்டிலை அணைத்துவிட்டு இரண்டு நிமிடச் செய்தி கேளுங்கள். ஒரே ஒரு முறை. என்ன நடந்தது என்று தமிழில் நாலு வரி எழுதுங்கள். பிறகு சப்டைட்டிலைப் போட்டு ஒப்பிடுங்கள். தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் எழுதும் திறன் குறுக்கே வந்து கேட்கும் திறனை மறைத்துவிடும்.

பேச்சுக்குக் கைப்பேசியே போதும். "நேற்று என்ன செய்தேன், அதில் எது பிடித்தது, ஏன்?" தயாரிக்காமல் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். அன்றே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்க எல்லோருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். கூச்சம் போகும் வரை இரண்டு முறை கேட்டுவிட்டு, மூன்றாவது முறை கவனியுங்கள். தப்புகளை எண்ணுவதற்கு முன் வேறொன்றைக் கேளுங்கள்: நடந்ததை முழுதாகச் சொல்லி முடித்தேனா, பாதியில் விட்டேனா? காரணம் சொன்னேனா? வெளிநாட்டுப் படிப்புக்கும் விசாவுக்கும் எழுதும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் பார்ப்பதும் நாலு விஷயங்கள்: கோவையாக ஓடும் பேச்சு, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. இலக்கணம் அதில் ஒரு பங்குதான்.

எழுத்துக்குக் கேம்பிரிட்ஜின் ரைட் அண்ட் இம்ப்ரூவ் என்ற இலவச இணையதளம் இருக்கிறது. ஒரு கடிதம் எழுதிப் போட்டால் எந்தப் படியில் இருக்கிறது என்று சொல்லும். எழுதும்போது அகராதியையும் ஏஐயையும் தொடாதீர்கள். உரையாடலை மட்டும் தனியாக அளக்க முடியாது, அதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். உங்களைவிட ஒரு படி மேலே இருக்கும், சிரிக்காத ஒரு நண்பரைப் பிடியுங்கள். சிரிக்காத என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே ஒரு சிரிப்பால் இரண்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

எத்தனை செய்தால் ஒரு படி வந்ததாக எடுத்துக்கொள்ளலாம்? சுவிட்சர்லாந்தில் மாணவர்களுக்குக் கொடுத்த மொழிக் கோப்பில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பட்டியல் இருக்கும். சாதாரண நிலையில் முடிந்தால் ஒரு டிக், எளிதாக முடிந்தால் இரண்டு டிக், இனிமேல் கற்க வேண்டியதென்றால் ஆச்சரியக்குறி. ஐந்தில் நாலு பங்குக்கு மேல் டிக் விழுந்தால் அந்தப் படி வந்துவிட்டது என்று கொள்ளலாம். நூற்றுக்கு நூறு கேட்கவில்லை. "சாதாரண நிலையில்" என்ற சொல்லையும் கவனியுங்கள். இன்டர்வியூ நாற்காலியில் வியர்த்து உட்கார்ந்திருக்கும் போது என்ன வந்தது என்பதும் கேள்வியில்லை, என்றோ ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் என்ன வந்தது என்பதும் கேள்வியில்லை.

காசு கட்டி எழுதும் தேர்வுகள் எப்போது வேண்டும் என்றால், வெளியே யாராவது கேட்கும்போது. கல்லூரியோ விசாவோ கேட்டால் எழுதுங்கள். ஐஈஎல்டிஎஸ் முடிவு இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால் முன்கூட்டியே எழுதி வைத்துப் பயனில்லை. நாம் எங்கே நிற்கிறோம் என்று நமக்குத் தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

"ஐ ஆம் ஜீரோ" என்று எழுதிய மாணவி அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து வரிசையையும் நிரப்பினாள். படிப்பது பி1, கேட்பது ஏ2, எழுதுவது ஏ2, தனியாகச் சொல்வது ஏ2, உரையாடல் ஏ1. தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "அப்ப ஒண்ணுதான் சார் ரொம்பக் கீழ இருக்கு" என்றாள். மறுநாளிலிருந்து அரூர் பஸ்ஸில் கூட வரும் தோழியோடு தினமும் இருபது நிமிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்டாள். மூன்று மாதம் கழித்து மறுபடி பதிவு செய்தோம். முதல் பதிவில் நாற்பது விநாடியில் பேச்சு நின்றுபோயிருந்தது. இரண்டாவதில் இரண்டு நிமிடத்தையும் தாண்டிப் போய்விட்டு, நடுவில் என்னிடமே ஒரு கேள்வியும் கேட்டாள். உரையாடல் வரிசையில் ஏ1ஐ அடித்து ஏ2 என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டாள். படிப்பது வரிசையில் பி1 அப்படியே இருந்தது. இந்த மூன்று மாதத்தில் புதிதாக எதுவும் படிக்கவில்லை என்று அவளே சொன்னாள்.